கண்ணிழந்தும் கலங்காத கூரத்தாழ்வான்

காஞ்சி மாநகருக்கு அணித்தே கூரம் என்னும் சிற்றூர் உள்ளது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வழங்கிய செப்பேடுகளால் சரித்திர ஆராய்ச்சியாளர்கள் இவ்வூரை அறிவர். ஸ்ரீவைஷ்ணவர்களுக்கோ இது ஆழ்வான் திருவவதாரம் செய்தருளிய திருத்தலம். ஆழ்வார்கள் பன்னிருவர் உண்டு. ஆழ்வான் என்று சொன்ன மாத்திரத்தில் பெரியோர் நினைவுக்கு வருபவர் இவர் ஒருவரே. கி.பி. 1010ஆம் ஆண்டு, ஸௌம்ய வருஷம் தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் இவர் அவதரித்ததாகக் குருபரம்பரை கூறும். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது இவருக்கு இட்ட திருநாமம். இவருடைய ஆசார்யனாகிய எம்பெருமானார் அவதரித்தது 1017இல். ஆக, சிஷ்யர் ஆசார்யனுக்கு ஏழு வயது மூத்தவர். வயதில் இளையவரின் திருவடியில் தலை சாய்ப்பது எக்காலத்திலும் எளிதன்று என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

கூரத்தில் இவருடைய குடும்பம் பெருஞ்செல்வக் குடும்பம். நாள்தோறும் ஏழை எளியவர்க்கும் வழிப்போக்கர்க்கும் அன்னமிட்டு, இரவு வெகுநேரம் சென்ற பிறகே மாளிகைக் கதவை அடைப்பது வழக்கம். அக்கதவில் கட்டிய மணிகளின் ஓசை காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதி வரை கேட்டதாம். அது என்ன ஓசை என்று பெருந்தேவித் தாயார் வினவ, பெருமாள் கூரத்துச் செல்வரின் சிறப்பை எடுத்துரைத்தாராம். திருக்கச்சி நம்பிகள் வாயிலாக இச்செய்தி ஆழ்வானின் செவிக்கு எட்டியது. வேறு ஒருவராயின் பெருமிதத்தால் பூரித்திருப்பர். ஆழ்வான் நாணினார். தம்முடைய செல்வத்தின் ஆரவாரம் திவ்யதம்பதிகளின் திருச்செவிக்கு இடையூறாகப் போயிற்றே என்று வருந்தி, உள்ளதனைத்தையும் வாரி வழங்கிவிட்டு, தேவிகளான ஆண்டாளை அழைத்துக்கொண்டு திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார்.

வழியில் காடு; இரவு வேளை. இங்குக் கள்வர் பயம் உண்டோ என்று ஆண்டாள் கேட்டார். மடியில் ஏதேனும் இருந்தாலல்லவா பயப்பட வேண்டும் என்பது ஆழ்வானின் எண்ணம். விசாரித்ததில், கணவர் அமுது செய்வதற்காகப் பொன்வட்டில் ஒன்றை மட்டும் அம்மையார் எடுத்து வந்திருப்பது தெரிந்தது. அதை வாங்கிப் புதரில் எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை என்று மேலே நடந்தார். இந்தக் கதையைச் சொல்லும்போது ஆண்டாளைக் குறைவாக எண்ணுதல் ஆகாது. நெடுவழிப் பயணத்தில் கணவர் எதில் உண்பார் என்று கவலைப்பட்ட உள்ளம் அது. அதே அம்மையார் பிற்காலத்தில் தாங்கிய துன்பங்கள் ஆழ்வான் தாங்கியவற்றிற்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

திருவரங்கத்தில் தம்பதிகள் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தனர். ஒருநாள் விடாது மழை பெய்தது. ஆழ்வான் வெளியே செல்ல இயலவில்லை. இருவரும் உபவாசமாக இருந்தனர். இரவில் பெருமாளுக்கு அமுது படைக்கும் திருச்சின்ன ஒலி கேட்டபோது, தம் அடியவர் பட்டினி கிடக்கத் தாம் மட்டும் அமுது செய்கின்றீரோ என்று ஆண்டாள் மனத்துக்குள் நினைத்துவிட்டார். சிறிது நேரத்தில் கோயில் பரிசனங்கள் மேளதாளத்துடன் பிரஸாதம் கொண்டுவந்து வாசலில் நின்றார்கள். காரணத்தை உணர்ந்த ஆழ்வான், பெருமாளுக்குச் சிரமம் கொடுத்துவிட்டதற்கு வருந்தி, இரண்டே பிடி எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பி அனுப்பினார். அப்பிரஸாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் வியாஸ பட்டரும் பிறந்தனர் என்பது பெரியோர் கூற்று.

கல்விச் செருக்கு, செல்வச் செருக்கு, குடிச் செருக்கு ஆகிய மூன்றையும் கடந்தவர் என்று ஆழ்வானைச் சொல்வது மரபு. செல்வத்தை விட்ட கதை மேலே கண்டது. கல்வியை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதற்கு ஸ்ரீபாஷ்யம் எழுந்த வரலாறே சான்று.

பிரஹ்ம சூத்திரங்களுக்கு உரை செய்யுமுன் போதாயனரின் விருத்தி நூலைப் பார்க்க விரும்பிய உடையவர், ஆழ்வானுடன் காச்மீரம் வரை எழுந்தருளினார். அரசனின் ஆதரவால் நூல் கிடைத்தது. எனினும் அந்நாட்டுப் பண்டிதர்கள் பொறாமையால் பின்தொடர்ந்து வந்து அதைப் பறித்துச் சென்றார்கள். உடையவர் மனம் சோர்ந்து நின்றபோது, ஆழ்வான் அமைதியாக ஓர் உண்மையை விண்ணப்பித்தார். இரவுதோறும் ஆசார்யன் திருக்கண் வளர்ந்த பிறகு விளக்கருகே அமர்ந்து நூல் முழுவதையும் வாசித்து நெஞ்சில் நிறுத்தியிருந்தார். அந்த நினைவாற்றலின் துணையோடுதான் ஸ்ரீபாஷ்யம் எழுதத் தொடங்கப் பெற்றது. உடையவர் அருளிச்செய்ய, ஆழ்வான் ஏட்டில் எழுதுவார். தமக்கு ஸம்மதமில்லாத பொருள் வந்தால் ஆழ்வான் எழுதாமல் நிறுத்திவிடலாம் என்பது உடையவரே இட்ட ஏற்பாடு.

ஒருநாள் ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைப் பற்றிய விசாரம் வந்தது. அறிவுடையவனாயிருத்தலே ஆத்மாவின் லக்ஷணம் என்னும்படியாக உடையவர் அருளிச்செய்தார். ஆழ்வானின் எழுத்தாணி நின்றுவிட்டது. அறிவு ஆத்மாவுக்கு உண்டுதான். ஆனால் எம்பெருமானுக்கு உரியவனாயிருத்தல், அதாவது சேஷத்வம், அதனினும் உள்ளான லக்ஷணம் என்பது ஆழ்வானின் தெளிவு. உடையவருக்குக் கோபம் வந்தது. அப்படியானால் பாஷ்யத்தை ஆழ்வானே செய்துகொள்ளட்டும் என்று கடிந்து, திருவடியால் உந்திவிட்டு எழுந்து சென்றார் என்பர். அருகிருந்தவர்கள் பதைத்தார்கள். ஆழ்வானோ கிடந்த இடத்திலேயே கலங்காமல் இருந்தார். உடைமையை உடையவன் எப்படியும் செய்யலாம். அதில் உடைமைக்குக் குறை என்ன என்பது அவருடைய விடை. பின்னர் உடையவர் பொருளை ஆராய்ந்து, ஆழ்வானின் கருத்தே ஏற்றதென்று கொண்டு, மறுபடியும் எழுதச் செய்தார்.

இது ஏதோ வித்வான்களின் சொற்போர் என்று யாத்ரிகர்கள் கடந்து போய்விடலாகாது. நான் யார் என்னும் கேள்விக்கு ஆழ்வான் கண்ட விடை இது. தம்முடைய அறிவைக் கொண்டோ, அழகைக் கொண்டோ, உறுப்புக் குறைவற்ற உடலைக் கொண்டோ அவர் தம்மை மதிக்கவில்லை. தாம் ஒருவருக்கு உரியவர் என்பதைக் கொண்டே மதித்தார். ஏட்டில் எழுத மறுத்து நிலைநாட்டிய இக்கருத்தை உடலில் எழுதிக் காட்டவேண்டிய நாள் விரைவில் வந்தது.

அக்காலத்தில் சோழநாட்டை ஆண்ட மன்னன் ஒருவன், சிவனுக்கு மேற்பட்ட தெய்வம் இல்லை என்று வித்வான்கள் அனைவரிடமும் கையெழுத்து வாங்கத் தொடங்கினான். குருபரம்பரை நூல்கள் அவனைக் கிருமிகண்ட சோழன் என்று குறிக்கும். அவன் இன்ன சோழன் என்பதில் சரித்திர அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. அவன் செய்த கொடுமைக்குச் சைவ சமயத்தின்மீது பழி சொல்லுதல் நேர்மையன்று. அது அதிகாரம் கைக்கு வந்த ஒருவனின் குற்றம். ஊர்ப் பேர் தெரியாதவர்கள் ஆயிரம் பேர் ஒப்பமிட்டுப் பயனில்லை, இராமானுசரும் கூரத்தாழ்வானும் ஒப்பமிட்டாலே அது நிலைபெறும் என்று அம்மன்னனுக்கு யோசனை சொன்னவன் நாலூரான் என்னும் மந்திரி. அவனும் ஆழ்வானிடம் சிஷ்யனாக இருந்தவன் என்பதே இதில் நெஞ்சை வருத்தும் செய்தி.

அரசனின் ஆட்கள் திருவரங்கத்து மடத்துக்கு வந்தபோது உடையவர் நீராடச் சென்றிருந்தார். ஆழ்வான் தாமதிக்கவில்லை. ஆசார்யனின் காஷாயத்தை உடுத்து, திரிதண்டத்தை ஏந்தி, தாமே இராமானுசர் என்று தோன்றும்படி அவர்களுடன் புறப்பட்டார். நூறு வயதைக் கடந்த பெரிய நம்பிகளும் உடன் எழுந்தருளினார். அவருக்குத் துணையாக மகள் அத்துழாய் சென்றார். உடையவர் ஆழ்வானின் வெள்ளை வஸ்திரத்தை உடுத்துச் சில சீடர்களுடன் மேற்றிசை நோக்கி, பின்னர்த் திருநாராயணபுரம் என்று புகழ்பெற்ற மேல்கோட்டைப் பகுதிக்கு எழுந்தருளினார்.

அரசவையில் ஆழ்வான் வேதாந்தப் பிரமாணங்களை வரிசையாக எடுத்துக் காட்டினார். வாதம் முடிந்தது, ஓலை நீட்டப்பட்டது. வடமொழியில் அச்சொல்லுக்கு ஒரு முகத்தலளவை என்ற பொருளும் கொள்ள இடமிருப்பதால், அதற்கு மேல் துரோணம் என்றோர் அளவும் உண்டு என்னும்படி எழுதிக் கொடுத்துவிட்டார். உயிர் ஊசலாடும் நேரத்திலும் அவருடைய நகைச்சுவை அவரைவிட்டு அகலவில்லை! அரசன் சினந்து கண்களைப் பிடுங்கக் கட்டளையிட்டான். அத்தகையவனைக் கண்ட கண்கள் தமக்கு வேண்டா என்று ஆழ்வான் தாமே களைந்தெறிந்தார் என்றும் ஒரு வரலாறு உண்டு. எவ்வாறாயினும், அவையிலிருந்து வெளிப்பட்டபோது ஆழ்வானுக்குப் பார்வை இல்லை. பெரிய நம்பிகளும் கண்களை இழந்தார்.

பார்வையற்ற இருவரை ஓர் அபலைப் பெண் கைப்பிடித்து நடத்திவந்த அந்த வழிப்பயணத்தை நினைத்தாலே உள்ளம் உருகும். முதுமையும் வேதனையும் தாளாமல் பெரிய நம்பிகள் இடைவழியில் தளர்ந்தார். தஞ்சைக்கு அருகிலுள்ள பசுபதிகோயில் அவ்விடம் என்பர். திருவரங்கம் வெகுதூரமில்லை, எப்படியாவது அங்குச் சேர்ந்துவிடலாம் என்று ஆழ்வான் வேண்டினார். நம்பிகள் இசையவில்லை. பெரிய நம்பியே அரங்கத்தில்தான் உடலை விடவேண்டியிருந்தது என்று பின்னுள்ளார் நினைத்தால், அவ்விடம் சேர இயலாத எளியவர்கள் தங்களுக்குக் கதியில்லை என்று மனம் உடைவார்களே என்பது அவருடைய கவலை. அடியவன் எங்குக் கிடந்தாலும் அவ்விடமே எம்பெருமானுக்கு உகந்த இடம் என்பதைக் காட்ட, ஆழ்வானின் மடியில் தலை வைத்து அவ்வழியோரத்திலேயே திருநாடு அலங்கரித்தார்.

ஆழ்வான் திருவரங்கம் மீண்டார். ஊர் இருந்தது, ஆசார்யன் இல்லை. மனத்துக்கு ஆறுதலாகப் பெருமாளைச் சேவிக்கக் கோயிலுக்குச் சென்றபோது வாயிற்காவலர் தடுத்தனர். இராமானுச ஸம்பந்தம் உள்ளவர் எவரும் உள்ளே புகலாகாது என்பது அப்போதைய ஆணை. காவலரில் ஒருவர் இரக்கப்பட்டு, ஆழ்வான் எல்லார்க்கும் நல்லவர், அவரை மட்டும் விடலாம் என்றார். கண்ணிழந்து, குருவைப் பிரிந்து, உடன் வந்த பெரியவரையும் இழந்து வந்திருக்கும் ஒருவருக்குத் திறந்த கதவு அது. ஆழ்வான் ஒரு காலைப் பின்வைத்தார். நல்லவனாயிருத்தல் ஆத்ம குணம்; அது எம்பெருமானார் ஸம்பந்தத்துக்கு உறுப்பாக வேண்டுமேயன்றி, அந்த ஸம்பந்தத்தை மறைத்துப் பெருமாளைச் சேவிக்க உதவுமாயின் அக்குணமும் வேண்டா, அந்த ஸேவையும் வேண்டா என்று திரும்பிவிட்டார்.

இந்த இடத்தில் சிறிது நின்று சிந்திக்கத் தகும். துன்பம் வந்தபோது, தான் யார் என்பதைச் சற்றே மறைத்துக்கொண்டால் வழி கிடைக்கும் என்று தோன்றுவது இயல்பு. பெருமாளே உள்ளே இருக்கையில் அவ்வாறு செய்தால் தவறென்ன என்றுகூட நியாயம் கூறலாம். கண்ணற்றவர், கதியற்றவர் என்று பிறர் காட்டிய இரக்கத்தின் வழியாக ஆழ்வான் உள்ளே புக விரும்பவில்லை. கண் போனபின்னும் தாம் பழைய ஆழ்வானே, உடையவரின் சீடரே என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை.

குடும்பத்துடன் திருமாலிருஞ்சோலைக்குப் போய்ச் சேர்ந்தார். மதுரைக்கு வடக்கே மலையும் சோலையும் சிலம்பாறும் சூழ்ந்த அத்தலத்தில் ஆண்டுகள் பல கழிந்தன. உடையவர் மேல்நாட்டில் இருந்த காலம் 12 ஆண்டுகள் என்பது பெருவழக்கு. இந்நாட்களில்தான் ஆழ்வான் அழகர்மீது ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். 132 சுலோகங்களைக் கொண்ட இந்நூலில் மலையின் வளமும் சோலையின் செறிவும், திருமுடி தொடங்கித் திருவடி வரை அழகரின் ஒவ்வோர் அவயவமும் வருணிக்கப்பட்டுள்ளன. அழகிய தோள்களை உடையவன் என்பதே நூற்பெயரின் பொருள். அழகரைத் தம் கண்ணால் காணமுடியாத ஒருவர் பாடியது இது என்று முன்னரே அறியாதவர், படித்து முடித்தாலும் அறியமாட்டார். காச்மீரத்தில் விளக்கருகே அமர்ந்து ஒரு நூல் முழுவதையும் உள்ளே வாங்கிக்கொண்ட நெஞ்சுக்கு இப்போது விளக்கும் வேண்டியிருக்கவில்லை.

அந்த ஸ்தவத்தின் இறுதிப் பகுதியில் ஆழ்வான் அழகரிடம் வேண்டிக்கொள்கிறார். பகைவர் இடையூறு நீங்கி உடையவர் முன்போலத் திருவரங்கத்தில் வாழவேண்டும். தாமும் முன்போல அவருக்கு வசப்பட்டு அங்கே வாழவேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். உடையவர் திரும்புவார் என்பதற்கு அப்போது வெளியே ஓர் அறிகுறியும் இல்லை. அரசன் உயிரோடிருந்தான். ஆயினும் அந்த விண்ணப்பத்தில் அவநம்பிக்கையின் நிழல் இல்லை. முதுமையை எட்டிய ஒருவர், நாளை நடக்கப்போவதைச் சொல்வதுபோலக் கேட்கிறார்.

மேல்நாட்டிலிருந்து உடையவர் செய்தி அறிந்துவர மாருதிச் சிறியாண்டானை அனுப்பினார். சிறியாண்டான் திருமாலிருஞ்சோலையில் ஆழ்வானைக் கண்டார். ஆசார்யன் நலமாக இருக்கிறார் என்று கேட்டவுடனே, தம் கண்கள் போனதே ஒரு குறையன்று என்று ஆழ்வான் மகிழ்ந்தார். மறுபுறம், பெரிய நம்பிகள் மறைந்ததையும் ஆழ்வானின் நிலையையும் கேட்ட உடையவர் துயரக்கடலில் ஆழ்ந்தார்.

சோழன் மாண்டபின் உடையவர் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானும் வந்து சேர்ந்தார். வேண்டியது வேண்டியபடியே நடந்தது. ஆனால் எதிரே நின்ற ஆழ்வானைக் கண்ட உடையவருக்கு மகிழ்ச்சியினும் துக்கமே மேலிட்டது. தம்முடைய தரிசனத்தைக் காப்பதற்காக ஆழ்வான் தம் தரிசனத்தை இழந்தாரே என்று கதறினார். அவரைத் தேற்றும் பொறுப்பு ஆழ்வானுக்கு வந்தது. எப்போதேனும் ஓர் அடியாரின் திருமண்காப்பு கோணலாயிருக்கிறதென்று தாம் நினைத்திருக்கக்கூடும், அதற்கே இது வந்தது என்றார். அரசனையும் குறை கூறவில்லை. நாலூரானையும் குறை கூறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசார்யனின் உள்ளத்தில் தம்மால் ஆயிற்றே என்ற முள் தங்கிவிடக் கூடாதென்று பார்த்துக்கொண்டார். இதைத் தம்மையே இழித்துக்கொள்ளும் பேச்சாகக் கொள்ளுதல் பொருந்தாது. துன்பத்துக்குக் காரணம் தேடிப் பிறர்மேல் காய்வதை அடியோடு நிறுத்தும் உபாயம் அது.

உடையவர் விடவில்லை. வரமளிப்பதில் பேர்பெற்ற காஞ்சிப் பேரருளாளன் ஸந்நிதிக்கு ஆழ்வானை அழைத்துச் சென்று, பெருமாளைத் துதித்துக் கண்களைக் கேட்டுப் பெறுமாறு நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் அருளிச்செய்தார். பெருமாள் உகந்து வேண்டியதைக் கேட்கச் சொல்ல, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று கேட்டார்! எவனுடைய யோசனையால் கண் போயிற்றோ அவனுக்காகக் கேட்டார். அவ்வாறே ஆகுக என்று பெருமாளும் அருளினார். வெளியே காத்திருந்த உடையவருக்கு வந்த வருத்தத்தைச் சொல்லி முடியாது. தாம் சொன்னதைச் செய்யாமல் தம் இஷ்டம்போல் நடக்கலாமோ என்று கடிந்துகொண்டார். பின்பு உடையவரின் திருவுள்ளத்துக்காக, பெருமாளையும் ஆசார்யனையும் சேவிக்குமளவுக்கு மட்டும் ஆழ்வானுக்குப் பார்வை அருளப்பெற்றது என்பர். அந்த ஸ்தவத்திலும், பெருமாளின் திருமேனியே என்றும் தம் பார்வைக்கு இலக்காக வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். கேட்ட அளவே கிடைத்தது. மற்ற உலகத்தைப் பார்க்க அவர் விரும்பவும் இல்லை.

திருவரங்கத்தில் மீண்டும் பழைய வாழ்க்கை. காலக்ஷேபம், கோயில், ஆசார்யன் திருவடி. ஒருநாள் ஆழ்வான் தனியே பெரிய பெருமாள் ஸந்நிதிக்குச் சென்று மோக்ஷம் வேண்டினார். பெருமாள் இசைந்து, ஆழ்வானோடு ஸம்பந்தமுள்ளவர்க்கெல்லாம் அப்பேறு உண்டென்றும் அருளிச்செய்தார். இதைக் கேட்ட உடையவர் காஷாயத்தை மேலே எறிந்து ஆனந்தக் கூத்தாடினாராம். தமக்கும் ஆழ்வான் ஸம்பந்தம் உண்டல்லவா!

ஆனந்தம் அடங்கியதும் பிரிவு கண்முன் நின்றது. தம்மை விட்டு முன்னே செல்லத் துணிந்தது ஏன் என்று உடையவர் தழுதழுத்துக் கேட்டார். பரமபதத்தில் முன் சென்றவர்கள் பின் வருபவர்களை எதிர்கொண்டு வணங்கி அழைப்பது முறை. உடையவர் முன்னே சென்று, பின் வரும் தம்மை எதிர்கொள்வதாயின், ஆசார்யன் சிஷ்யனை வணங்கும் முறைகேடு நேர்ந்துவிடும். ஆகவே தாம் முன் சென்று காத்திருப்பதே தகும் என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். உடையவர் அவரை அணைத்து, வலத் திருச்செவியில் த்வயத்தை ஓதி விடை கொடுத்தார். தலையைச் சீடர் பிள்ளைப் பிள்ளையாழ்வான் மடியிலும், திருவடிகளை ஆண்டாள் மடியிலும் வைத்துக்கொண்டு, உடையவர் திருவடியைத் தியானித்தபடியே ஆழ்வான் திருநாட்டுக்கு எழுந்தருளினார். உடையவர் 1137இல் எழுந்தருளுவதற்கு முன்பே இது நிகழ்ந்தது.

பிள்ளைகள் இருவரும் கதறினர். உடையவர் தம் துயரை அடக்கிக்கொண்டு பராசர பட்டரை வாரியணைத்துத் தேற்றி, தந்தைக்குரிய சரம கைங்கர்யங்களை முறைப்படி செய்வித்தார். தகப்பனை இழந்தோமென்று எண்ணற்க, தாமே தந்தையாக இருக்கிறோம் என்று பெரிய பெருமாளும் பட்டரைப் புத்திரராக ஸ்வீகரித்தருளினார். பட்டர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கைங்கர்யத்துக்குத் திரும்பினார்.